பாரம் ஏறிய இணைய வாசல்

கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகிவிட்டது என்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி முதலமைச்சர் பினராயி விஜயன் பிரகடனம் செய்தார். அந்தக் கௌரவத்தின் தொடக்கம் இதே ஜில்லாவைச் சேர்ந்த புல்லம்பாறைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஸ்திரீகள், கூலி வந்து சேர்ந்ததா என்று விசாரிப்பதற்காகவே வங்கிக்குப் போய் வரிசையில் நின்று ஒரு நாள் வேலையை இழப்பதைக் கண்டவர்கள், அந்த விவரத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பித்தால் என்ன என்று யோசித்தார்கள். அதன் பயனாக 2022இல் அந்தப் பஞ்சாயத்து முழுவதும் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றது. பிறகு அதே முறை டிஜி கேரளம் என்ற திட்டமாக மாநிலமெங்கும் விரிந்து, நூறு வயதைத் தொட்டவர்கள்கூடக் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பாடம் கேட்டார்கள். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பொறுமையோடு இப்படியொரு காரியம் செய்யப்பட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒரு மூதாட்டி இணையத்துக்குள் பிரவேசிப்பதற்குக் கடக்க வேண்டிய வாசல், உலாவி என்று நாம் எழுதுவதும் பிரௌசர் என்று கடைத்தெருவில் எல்லோரும் சொல்வதுமான மென்பொருள். அந்த வாசலின் நிலைப்படி வருஷத்துக்கு வருஷம், யாரையும் கேளாமல், உயர்ந்துகொண்டே போகிறது. உலாவிகள் சாமானிய ஜனங்களின் யந்திரங்களுக்கும் தேவைக்கும் மீறிப் பருத்துவிட்டன என்பது என் திடமான அபிப்பிராயம். இது அவரவர் சொந்த அசௌகரியமாக இருந்த காலம் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழிலிருந்து கட்டிட அனுமதி வரையில் உள்ளாட்சிக் காரியங்கள் யாவும், 2024 ஜனவரி 1ஆம் தேதி நகரங்களில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்னும் ஏற்பாட்டின் வழியாக, இணையத்துக்குப் பெயர்ந்துவிட்டன. சர்க்காரே ஜனங்களை இந்த வாசலுக்கு அனுப்பிவைக்கும்போது, அதன் உயரத்தைக் குறித்துக் கேள்வி கேட்பது பிரஜைகளின் உரிமையாகிறது.

நான் வசிக்கும் ஆரியசாலை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவை ஒட்டியது. நவராத்திரி தோறும் வேளிமலைக் குமாரசுவாமி பத்மநாபபுரத்துப் பவனியோடு வந்து தங்கிப் போகும் இடம். அரிசி, பருப்பு, வெல்லம், மளிகைச் சரக்கு என்று மொத்த வியாபாரம் செய்கிறவர்களில் பலர் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே வந்து வேரூன்றியவர்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு இவர்களுடைய கணக்கெல்லாம் உலாவிக்குள் போய்விட்டது. மாதாந்தரக் கணக்குத் தாக்கல் செய்கிறவர்களுக்கு 20ஆம் தேதி கெடு. தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் வீதம் தாமதக் கட்டணம். அனுப்பும் சரக்கின் மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் எடுக்காமல் லாரி நகர முடியாது.

அத்தகைய ஒரு கடையில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால், சாக்குத் தூசி படிந்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு ஜி.பி. ராம். கணக்கு எழுதும் பையன் அந்தப் பெட்டியைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்கிறான். லாரிக்காரர் வாசலில் நின்று குரல் கொடுக்கும் வேளையில், திரையின் நடுவே அந்தச் சிறிய வட்டம் சுழலத் தொடங்கினால், “அண்ணாச்சி, சுத்திக்கிட்டே இருக்கு, மத்த டேபை எல்லாம் மூடிட்டு மறுபடியும் திறக்கேன்” என்கிறான் பையன். திறப்பதற்குள் ஓ.டி.பி.யின் காலம் கழிந்துவிடுகிறது; மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சமயம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றே டேப்கள் திறந்திருந்தன. பட்டியலில் உலாவியின் பெயரோ ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியிருந்தது. இன்றைய உலாவி தான் திறக்கும் ஒவ்வொரு தளத்தையும், ஒவ்வொரு துணைக்கருவியையும், படம் வரையும் பகுதியையும் தனித்தனி நிரலாக ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. நினைவகம் நிறைந்ததும் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. அந்தப் பெட்டியின் முன்புறத்தில் சிறிய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது அதனால்தான். வட்டம் சுழல்வதைப் பார்த்து, நெட் சரியில்லை என்று வியாபாரி இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுகிறார். குற்றம் பெரும்பாலும் அங்கே இல்லை.

இந்தக் கருவி பிறந்தபோது இப்படி இருக்கவில்லை. 1990இன் இறுதியில் ஜெனீவாவுக்கருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி, விஞ்ஞானிகள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்கான ஒரு சாதனம். 1993இல் மொசைக் வந்து எழுத்துக்கு நடுவே படத்தை வைத்தது. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், படிக்கும் ஏட்டை இயங்கும் யந்திரமாக மாற்றியது. இவற்றில் எதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: இன்று நாம் கனமென்று குறைசொல்லும் உலாவிகள் ஒவ்வொன்றும், முந்தைய உலாவியின் கனத்தை எதிர்த்தே பிறந்தவை. அஞ்சல், பக்கத் தயாரிப்பு, உலாவல் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்த மொசில்லா தொகுப்பின் பாரம் பொறுக்காத சில இளைஞர்கள், உலாவியை மட்டும் தனியே பிரித்தெடுத்து 2004 நவம்பர் 9ஆம் தேதி ஃபயர்ஃபாக்ஸ் 1.0 என்று வெளியிட்டபோது, அதை இறக்கிக்கொள்ள ஐந்து எம்.பி.கூடத் தேவைப்படவில்லை. நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். 2008 செப்டம்பர் 2ஆம் தேதி வெளிவந்த குரோமும் அப்படித்தான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையின் பொறுப்பில் உருவான அந்த உலாவி, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தை மட்டும் காட்டும் எளிமையையும் வேகத்தையும் சொல்லியே உலகத்தை வசப்படுத்தியது. இன்று அதை முழுதாக இறக்கி நிறுவுவதற்குரிய கோப்பு மட்டுமே நூறு எம்.பி.யைத் தாண்டுகிறது.

பாரம் முழுவதும் வீண் என்று வாதிப்பது நியாயமாகாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பெயர்களில் வெளிப்பட்ட குறைபாடுகள், கம்ப்யூட்டரின் மூளையாகிய சில்லிலேயே இருந்தவை. ஒரு டேபில் திறந்த கெட்ட தளம் அடுத்த டேபில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கின் ரகசியத்தைக் களவாட முடியும் என்ற அபாயம் பிரத்தியட்சமானதும், ஒவ்வொரு தளத்தையும் வெவ்வேறு அறையில் அடைத்துவைக்கும் ஏற்பாட்டை அதே வருஷத்தில் குரோம் மேசைக் கம்ப்யூட்டர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் நடைமுறைப்படுத்தியது. அதனால் நினைவகச் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடும் என்று கூகுளே ஒப்புக்கொண்டது. அந்தச் செலவு தகும். அண்ணாச்சியின் பணம் வங்கியில் பத்திரமாக இருப்பதற்காக அவருடைய கம்ப்யூட்டர் கொஞ்சம் அதிகமாக மூச்சு வாங்கினால், அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன்.

இன்னொரு பாரமும் உண்டு. அதைத் தமிழர்கள் நன்றியோடு சுமக்க வேண்டும். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையின் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாதவருக்குத் தலையங்கம் முழுவதும் லத்தீன் குறிகளாகத் தெரியும். டிஸ்கி என்றும், 1999இன் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்றும் பல குறிமுறைகள் இருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாது. யூனிகோட் வந்து, 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு அந்த அவஸ்தை தீர்ந்தது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் அதனதன் இடத்தில் வைத்து, எழுத்து உடையாமல் திரையில் வரைவதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல்தொகுதி உலாவிக்குள் ஓயாமல் வேலை செய்கிறது. மலையாளக் கூட்டெழுத்துக்கும் உருதுவின் வளைவுக்கும் அதுவே ஊழியம் செய்கிறது. மெலிந்த உலாவி வேண்டும் என்று நான் கேட்பது, எங்கள் எழுத்தை மறந்திருந்த அந்தப் பழைய மெலிவை அல்ல.

இவை போக எஞ்சிய பாரத்தைப் பார்த்தால்தான் மனம் கொதிக்கிறது. உலாவியோடு சேர்ந்து வரும் செயற்கை நுண்ணறிவை எடுத்துக்கொள்வோம். குரோமுக்குள்ளேயே இயங்கும் ஜெமினி நானோ என்ற மொழி மாதிரிக்கு, ஹார்ட் டிஸ்கில் குறைந்தது 22 ஜி.பி. காலியிடம் இருக்க வேண்டும் என்று கூகுளின் சொந்த ஆவணமே விதிக்கிறது. அவ்வளவு இடமில்லாத யந்திரத்தில் அது இறங்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கருவியைச் செய்கிறவர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்கிறார்கள் என்பதற்கு அந்த எண்ணைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. புதிய டேபைத் திறந்தால் செய்திக் குப்பை, பக்கவாட்டில் பொருள் வாங்கச் சொல்லும் தூண்டல், கேட்காத உதவியாளன், ஒவ்வொரு தளமும் நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கேட்டு எழுப்பும் பெட்டி என்று மற்ற உலாவிகளும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. எது ‘அனுமதி’, எது ‘வேண்டாம்’ என்று தெரியாமல் முதியவர்கள் எல்லாவற்றையும் அனுமதித்துவிட, பிறகு நாள் முழுவதும் கைப்பேசி விளம்பரத்தைக் கூவிக்கொண்டிருப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

ஏழைகளுக்கு உதவியாக இருந்த சில வசதிகள் இதே காலத்தில் எடுக்கப்பட்டதுதான் அதைவிடக் கொடுமை. பக்கங்களைச் சுருக்கி அனுப்பி டேட்டாவை மிச்சப்படுத்திய குரோமின் லைட் முறை 2022 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. டேட்டா மலிந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் வாசலிலேயே தடுத்து, பழைய யந்திரத்துக்கு உயிர் கொடுத்துவந்த யூபிளாக் ஒரிஜின் என்ற துணைக்கருவி, துணைக்கருவிகளுக்கான விதிகள் மாற்றப்பட்டதால் 2025இல் குரோமில் இயங்காமல் போயிற்று. அதன் மெலிந்த வடிவம் ஒன்று இருக்கிறதென்றாலும் பழைய வலிமை அதற்கில்லை. விளம்பரத்தில் ஜீவிக்கும் ஒரு கம்பெனியே உலகத்தில் மிகுதியான பேர் உபயோகிக்கும் உலாவியையும் கையில் வைத்திருந்தால், எந்தப் பாரம் நீங்கும், எந்தப் பாரம் நிலைக்கும் என்பதை ஊகிக்க அதிக சாமர்த்தியம் தேவையில்லை.

உலாவியின் கனத்தோடு பக்கங்களின் கனமும் சேர்ந்துகொள்கிறது. ஹெச்.டி.டி.பி. ஆர்க்கைவ் எடுக்கும் அளவீட்டின்படி, 2024இல் மேசைக் கம்ப்யூட்டருக்கு வரும் ஒரு நடுத்தரப் பக்கம் இரண்டரை எம்.பி.க்கு மேல் இருந்தது. 2004இன் ஃபயர்ஃபாக்ஸ் முழுவதுமே ஐந்து எம்.பி.க்குள் அடங்கியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இது தவிர்க்க முடியாத விதியல்ல. பிரிட்டிஷ் சர்க்காரின் பொது இணையதளத்தைப் பராமரிப்பவர்கள், வெறும் 32 கே.பி. அளவுள்ள ஜேக்வெரி என்ற நிரல்தொகுதியை 2022இல் தம் பக்கங்களிலிருந்து நீக்கினார்கள். வேகமான யந்திரம் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய கைப்பேசியும் மந்தமான இணைப்பும் உள்ளவருக்குத் தெரியும் என்பதற்காகவே நீக்கினார்கள். ஓர் அரசாங்கம் தன் பிரஜைகளில் கடைசி ஆளை மனத்தில் வைத்து 32 கே.பி.க்காக மெனக்கெட்டது என்பதை, நம் அரசுத் தளங்களின் முகப்பில் அமைச்சர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன்.

பிடிக்கவில்லையென்றால் வேறு உலாவிக்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். பெயர்கள் பலவாக இருந்தாலும் உள்ளே ஓடும் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றே. நார்வேயின் ஓபரா தன் சொந்த எஞ்சினை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் போன்ற மகா கம்பெனியே தன்னுடையதைக் கைவிடுவதாக 2018 டிசம்பரில் அறிவித்துக் குரோமின் அடித்தளமாகிய குரோமியத்துக்கு வந்துசேர்ந்தது. இந்தியாவுக்கென்று ஓர் உலாவி வேண்டுமென மத்திய அரசு 2023 ஆகஸ்டில் போட்டி அறிவித்து, 2025 மார்ச்சில் ஜோஹோவுக்கு முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வழங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் தென்காசியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து வளர்ந்த நம் நாட்டுக் கம்பெனிக்கு அந்தக் கௌரவம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. அந்தரங்கத்தைக் காப்பதிலும் விளம்பரங்களைத் தடுப்பதிலும் அவர்களுடைய ‘உலா’ அக்கறை காட்டுகிறது. ஆனால் அதுவும் குரோமியத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. அவர்களைக் குறைசொல்வதற்கில்லை; கோடிக்கணக்கான வரிகள் கொண்ட எஞ்சினைப் புதிதாக எழுதுவது இன்று ஒரு தேசத்துக்கே மலைப்பான காரியமாகிவிட்டது. கனம் ஓர் அளவைத் தாண்டியதும் போட்டியாளர் பிறக்க முடியாமல் போகிறது. போட்டியாளர் இல்லாததால் கனம் மேலும் ஏறுகிறது. குரோமியம், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ என்ற மூன்றைத் தவிர இன்று நடைமுறையில் வேறில்லை. நன்கொடையை நம்பி அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்டுவரும் லேடிபேர்ட் போன்ற முயற்சிகள் வெற்றி பெற வேண்டுமென்று மனமார விரும்புகிறேன். அவை ஆரியசாலைக் கடைக்கு வந்துசேர நாளாகும்.

அதுவரையில் பழைய யந்திரங்களின் ஆயுளை நிர்ணயிப்பது உலாவியாகவே இருக்கும். விண்டோஸ் 7 ஓடிய கம்ப்யூட்டர்களைக் குரோம் 2023 பிப்ரவரியில் கைகழுவியது. முப்பத்திரண்டு பிட் லினக்ஸ் யந்திரங்களைக் குரோம் 2016இலேயே விட்டுவிட, கடைசி வரை தாங்கிநின்ற ஃபயர்ஃபாக்ஸும் 2025இல் விடைகொடுத்தது. திரை பிரகாசமாக எரிகிறது, விசைகள் அழுந்துகின்றன, ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது. உலாவி மட்டும் பழையதாகிவிட்டது என்று தளங்கள் உள்ளே விட மறுக்கின்றன. புதியது வாங்கு என்று சொல்வது சுலபம். செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொள்வதால் 2025இன் கடைசி மாதங்களில் உலகெங்கும் ராம் விலை ஏறிப்போயிற்று. ஏழையின் யந்திரத்துக்குப் பாரம் ஏற்றுகிற அதே சக்தி, அந்தப் பாரத்தைத் தாங்குவதற்கு அவன் வாங்க வேண்டிய பொருளின் விலையையும் ஏற்றுகிறது.

வாங்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? அப்துல் கலாம் 2002 நவம்பரில் தொடங்கிவைத்த அக்ஷயா மையங்களுக்குப் போய்க் கட்டணம் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். அந்த மையங்கள் செய்திருக்கும் சேவை பெரிது. ஆயினும், வங்கிக்கு நடக்கும் நடையை மிச்சப்படுத்துவதற்காகப் பாடம் கற்ற ஸ்திரீகள், கையிலிருக்கும் போன் ‘ஸ்டக்’ ஆகிறது என்பதனால் இன்னொரு வாசலில் போய் வரிசையில் நிற்பார்களானால், புல்லம்பாறையில் தொடங்கிய அந்தக் காரியம் பாதியில் நின்றுபோகிறது.

சிறிய நினைவகத்தில் இணையத்தைக் கொடுக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2017இல் வந்த ஜியோபோனில் இருந்தது 512 எம்.பி. ராம்தான்; ஃபயர்ஃபாக்ஸின் வழிவந்த காய் ஓ.எஸ். அதில் ஓடியது. அந்த போன் எல்லாவற்றையும் செய்யவில்லை. சாமானியர்களுக்கு வேண்டியவற்றுள் பலவற்றைச் செய்தது. ஆகவே நான் கேட்பவை அசாத்தியமானவை அல்ல. இரண்டு ஜி.பி. நினைவகமுள்ள யந்திரத்தில் தொடக்கம் முதல் ரசீது வரை தடையின்றி முடிகிறதா என்று பரீட்சித்துக் காட்டாத எந்தத் தளத்துக்கும் பணம் பட்டுவாடா செய்யக் கூடாது என்ற ஒரு நிபந்தனையை, அரசுத் தளங்களுக்கான டெண்டரில் எழுதினால் போதும். ஒப்பந்தக்காரர்கள் தாமாகவே படங்களையும் அலங்காரங்களையும் கழற்றிவைப்பார்கள். ஜோஹோ நிறுவனத்தார் தம் ‘உலா’வுக்குப் பழைய யந்திரங்களுக்கென்றே ஒரு சிறிய பதிப்பை, எந்தச் செருகலும் இல்லாமல், கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட அருகில் இருக்கிறது பூஜப்புரை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001இல் இந்நகருக்கு வந்து சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து, பள்ளிக்கூடங்களைச் சுதந்திர மென்பொருளுக்கு மாற்றிக் காட்டிய மாநிலம் இது. அந்தக் காரியத்தை நடத்தும் கைட் அமைப்பு பூஜப்புரையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கென்று தனி லினக்ஸ் பதிப்பையே தயாரிக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் யாரும் எடுத்துத் திருத்தக்கூடியதாக இருக்கிறது. அதிலிருந்து வேண்டாதவற்றைக் களைந்து, விளம்பரத் தடுப்பை முன்கூட்டியே பொருத்தி, மலையாளத்திலும் தமிழிலும் பட்டிகளை அமைத்து, பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வந்துசேரும்படி செய்து, டிஜி கேரளத்தில் பாடம் கற்றவர்களுக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் ஓர் எளிய உலாவியைக் கொடுக்கும் திறமை உள்ளவர்கள் அங்கே ஏற்கெனவே சர்க்கார் சம்பளத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படியொரு உத்தரவு மட்டுமே இன்னும் வரவில்லை.